தியானப் புத்தகமும் உபதேசியார் டைரியும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் புத்தகங்கள் பின்னுக்குப் போய்விடும். வாசலை ஒட்டிக் காகித நட்சத்திரங்கள் தொங்கும். உள்ளே நுழைந்ததும் வசனக் காலண்டர்கள், குடில் பொம்மைகள், புத்தாண்டு ஆராதனைக்காகச் சபைகள் மொத்தமாக வாங்கிப்போகும் வாக்குத்தத்த அட்டைகள். கண்ணாடி அலமாரியில் ஜிப் வைத்த கறுப்பு அட்டை வேதாகமங்கள். பொன்னெழுத்தில் பெயர் பொறித்துத் தரத் தனிக் காசு. கல்லாவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும்படி, வரப்போகும் ஆண்டுக்கான தின தியான நூல்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். வேத விளக்கவுரை, சபைச் சரித்திரம், இறையியல் எல்லாம் கடைசியில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில்.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. எது நகர்கிறதோ அதைத்தான் அவர் முன்னால் வைப்பார். சென்னை பார்க் டவுனில் உள்ள கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் ஆகட்டும், ஊருக்கு ஊர் மாதாகோவில் வளாகங்களில் இருக்கும் சின்னக் கடைகள் ஆகட்டும், தமிழ்க் கிறிஸ்தவர் எதை வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்ள இந்த அடுக்கு வரிசை ஒன்றே போதும். ஆனால் மூலையில் கிடக்கும் சிலவற்றையும், அந்தக் கடைகளுக்குள் வந்தே சேராத சிலவற்றையும் பார்த்தால், நம்மிடம் இருப்பதை நாமே வாசிக்காமல் விட்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

ஐந்து நிமிஷப் பக்கம்

முதலில் அந்தத் தியான நூலையே எடுத்துக்கொள்வோம். எந்தப் பதிப்பகமானாலும் பக்கத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே தேதி. அதன்கீழ் தடித்த எழுத்தில் ஒரு வசனம். பிறகு இருபது வரிக்குள் ஒரு சம்பவம், அதிலிருந்து ஒரு படிப்பினை. கடைசியில் இரண்டு வரி ஜெபம். ஓரத்தில், ஓராண்டில் வேதாகமத்தை வாசித்து முடிக்க அன்றைக்கு எத்தனை அதிகாரம் என்ற குறிப்பு. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. ‘அன்றன்றுள்ள அப்பம்’, ‘சத்திய வசனம்’ போன்றவற்றுக்கு வருஷக்கணக்காகச் சந்தா கட்டி வரும் வீடுகள் உண்டு. வேறு எந்தப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்காத குடும்பங்கள் அவை. அந்தப் பக்கத்தைப் பாட்டிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டித்தான் பல பிள்ளைகள் தமிழில் திக்காமல் வாசிக்கப் பழகின. ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் தலைமாட்டில், ஆரஞ்சுப் பழப் பைக்குப் பக்கத்தில், மடங்கிய அட்டையோடு கிடக்கும் அந்தச் சின்னப் புத்தகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை அது ஒழுங்காகவே செய்கிறது.

சங்கடம் நடுவில் வரும் அந்தச் சம்பவத்தில்தான். பனி கொட்டும் ராத்திரியில் அமெரிக்க நகரம் ஒன்றில் வண்டி நின்றுபோன வியாபாரி, ஆடு மேய்க்கும் ஸ்காட்லாந்துக் கிழவர், கப்பல் உடைந்த மாலுமி, சாகக் கிடக்கும் லண்டன் கோடீஸ்வரர் என்று எல்லோரும் வந்து போவார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளி வர மாட்டார். மகளிர் சுய உதவிக் குழுவில் தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்குப் போகாமல் ஒளிந்துகொள்ளும் அம்மா வர மாட்டார். குவைத்தில் வேலை பார்க்கும் கணவனோடு போனில் மட்டுமே குடித்தனம் நடத்தும் பெண் வர மாட்டார். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை பெயர்த்ததாகவே தெரியும். பெயர்க்காதவற்றிலும் உதாரணக் கதைகள் அதே பழைய தொகுப்புகளிலிருந்து வந்தவை. ஒரே மாலுமி மூன்று புத்தகங்களில் மூழ்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முத்துக்குளித்துறையார் காசில்

தமிழ் அச்சேறியதே இப்படிப்பட்ட ஓர் அன்றாடக் கைப்புத்தகத்துக்காகத்தான். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. இரண்டையும் ஆக்கியவர் என்றீகே என்றீக்கஸ் என்ற அன்றீக்கு அடிகளார். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அரசரோ ஜமீன்தாரோ புரவலராக இல்லாமல், கடலில் மூழ்கிப் பிழைத்த மக்கள் தங்கள் ஜெபப் புத்தகத்துக்குத் தாங்களே காசு போட்டார்கள் என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் சின்ன விஷயம் அல்ல.

1586இல் அதே அடிகளார் புனிதர்களின் வாழ்க்கையைப் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். ‘அடியார் வரலாறு’ என்று இன்று சொல்கிறோம். தம்பிரான் வணக்கத்தின் பிரதி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அடியார் வரலாற்றின் பிரதி வத்திக்கானில். 1950களில் அயல்நாட்டு நூலகங்களைச் சலித்து இந்தப் பழம் நூல்களைத் தமிழுலகுக்கு அறியச் செய்தவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள்.

அச்சு இல்லாத இடத்திலும் புத்தகம் நின்றது என்பதற்கு இலங்கையில் ஓர் உதாரணம் உண்டு. கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலம். குருக்கள் கண்ணில் படாமல் நடமாட வேண்டும். எப்போது வருவார்கள் என்று மக்களுக்கே தெரியாது. குரு இல்லாத ஊரில் மக்களே கூடி வாசித்துக்கொள்ளும்படி அவர் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அதில் ஒன்றுதான் ‘வியாகுலப் பிரசங்கம்’. தவக்காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துக் கோவில்களில் ஊர்க்காரர்கள் அதை ராகத்தோடு இழுத்து வாசிப்பார்கள். சாவு வீட்டு ஒப்பாரியின் சாயல் அந்த வாசிப்பில் இருக்கும். எழுதியவர் 1742இல் இறந்துவிட்டார். வாசிப்பு நிற்கவில்லை. ஆசிரியர் பெயர்கூடத் தெரியாமல் வாய்க்கு வாய் வந்த பக்தி நூல் அது. தமிழ்க் காது எதைக் கேட்டுக் கலங்கும் என்று தெரிந்து எழுதியதால்தான் நிலைத்தது என்பது என் கணிப்பு.

தரங்கம்பாடிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1706இல் மிஷனரி சீகன்பால்க் வந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. பொறையாறில் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள், காகித ஆலையும் போட்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானது.

துண்டுப் பிரசுர காலம்

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பள்ளிக்கூடங்கள் பெருகின. வாசிக்கத் தெரிந்தவர்கள் தொகை கூடியது. அவர்கள் கையில் என்ன கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. சென்னையில் துண்டுப் பிரசுரச் சங்கமும் வேதாகமச் சங்கமும் தோன்றின. நாகர்கோவில், பாளையங்கோட்டை, யாழ்ப்பாணம், புதுச்சேரி என்று மிஷன் அச்சுக்கூடங்கள் ஓயாமல் ஓடின. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மர்டாக் என்பவர் இதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார். பின்னாளில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கமாக ஆன அமைப்பை வளர்த்தவர் அவர். 1865இல் தமிழ் அச்சு நூல்களுக்கு வகைப்படுத்திய பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சைவ, வைணவ நூல்களையும் விடாமல் சேர்த்த அந்தப் பட்டியல் இன்றும் ஆய்வாளர்களுக்கு உதவுகிறது.

இந்தப் பிரசுரங்களின் பாதிப்பு சபைச் சுவருக்குள் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பிறகு தாமே அச்சுக்கூடம் நிறுவி, ‘சைவ வினாவிடை’யும் பாலபாடங்களும் வெளியிட்டார். மிஷனரிகளை எதிர்க்க மிஷனரிகளின் வினா-விடை வடிவத்தையே கையில் எடுத்தார். தமிழ் உரைநடைக்கு இந்தச் சண்டையால் கிடைத்த லாபம் பெரியது.

அதே சமயம் பெரும்பாலான துண்டுப் பிரசுரங்கள் வறட்டு வாதங்கள்தான். மற்ற மதத்தைத் தாழ்த்திப் பேசி, கடைசிப் பத்தியில் மனந்திரும்பச் சொல்லி முடிப்பவை. அவற்றுக்காக இன்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. ஏங்க வேண்டியவை வேறு இரண்டு.

காரையிருப்புக்காரரும் உபதேசியாரும்

ஒன்று, ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஜான் பன்யன் எழுதி 1678இல் வெளியான ‘மோட்ச பிரயாணம்’ தமிழில் பல முறை மொழிபெயர்க்கப்பட்டது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை மொழிபெயர்க்க உட்காரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் காரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். பன்யனின் கதைச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆழ்வார் பாசுரமும் கம்பராமாயணமும் கேட்டு வளர்ந்தவனுக்கு இயேசுவின் பாடுகள் எப்படித் தெரியுமோ அப்படிப் பாடினார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ‘நற்போதகம்’ மாத இதழில் வருஷக்கணக்காகத் தொடராக வந்து, 1894இல் நூலானது. மாத இதழில் தொடராக ஒரு காப்பியம்! இன்றைக்கு எந்தச் சபை இதழும் இதை நினைத்துப் பார்க்காது.

இன்று அந்த நூல் எங்கே இருக்கிறது? கல்லூரித் தமிழ்ப் பாடத்திட்டத்தில், ஒரு படலமாக. பிரசங்க மேடைகளில் நான் கேட்ட மேற்கோள்களில் ஆங்கிலப் பிரசங்கிமார் பெயர் வருகிற அளவில் கால்வாசிகூடக் கிருஷ்ண பிள்ளை வரவில்லை. செய்யுள் கடினம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பதம் பிரித்து, எளிய உரையோடு, தவக்காலத்து நாற்பது நாளுக்கு நாற்பது பகுதியாக யாராவது தொகுத்துத் தந்தால், அதுவே ஒரு தியான நூல்.

இரண்டாவது, சபை மக்களில் அநேகர் பெயர்கூடக் கேட்டிராத ஒன்று. மிஷன் ஊழியர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அக்கால வழக்கம். திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாராக இருந்த சவரிராய பிள்ளை (1801–1874) அப்படி எழுதி வைத்தார். அவருடைய மகன் அதையெல்லாம் திரட்டிக் குடும்ப வரலாறாக வெளியிட்டார். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் அதிலிருந்து தொகுத்த ‘உபதேசியார் சவரிராயபிள்ளை’ நூலைக் காலச்சுவடு வெளியிட்டது.

உபதேசியார் என்பவர் யார்? வெள்ளைக்கார ஐயரின் பெயர் கல்வெட்டில் இருக்கும். உபதேசியார் பெயர் இருக்காது. ஆனால் ஊர் ஊராக நடந்தது அவர்தான். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது, சாயங்காலம் ஜெபத்துக்கு ஆள் சேர்ப்பது, புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்ப்பது, காலரா கண்ட வீட்டுக்குள் நுழைவது, சம்பளம் தாமதமானால் பொறுத்துக்கொள்வது, மேலதிகாரியின் கோபத்தையும் சாதிக்காரரின் முறைப்பையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்வது எல்லாம் அவர் வேலை. ஊழியம் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் என்ன விலை என்று தெரிந்துகொள்ள விரும்பும் இளம் போதகருக்கு, மொழிபெயர்ப்புத் தலைமைத்துவ நூல் பத்தைவிட இப்படிப்பட்ட ஓர் உபதேசியாரின் குறிப்புகள் உதவும். வேடிக்கை என்னவென்றால், இதை வெளியிட்டது சபைப் பதிப்பகம் அல்ல. தொகுத்தவரும் இடதுசாரி ஆய்வாளர்.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேலையும் இங்கே சொல்ல வேண்டும். 1901 முதல் 1951இல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்து புத்தகம் புத்தகமாக எழுதினார். 1903இல் வெளிவந்த அவருடைய தொடக்க கால நூலின் கைப்பிரதி, ‘மனம் தளரச் செய்கிறது’ என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. ஊழியத்தின் தோல்விகளை மறைக்காமல் எழுதியதுதான் காரணம். தம்மோடு உழைத்த தமிழ்ப் பெண் பொன்னம்மாளின் வரலாற்றையும் அவர் தனி நூலாக எழுதினார். இளம் விதவையாக வந்து, டோனாவூர்க் குழந்தைகளுக்குத் தாயாக நின்று, 1915இல் இறந்தவர் பொன்னம்மாள். ஞாயிறு பள்ளிப் பரிசாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகங்களில் ஏமி உண்டு, வில்லியம் கேரி உண்டு, ஹட்சன் டெய்லர் உண்டு. பொன்னம்மாளை நான் பார்த்ததில்லை.

ஒலிநாடாவிலிருந்து புத்தகம்

கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் ஊழிய நூல்கள் பெருகியது பெரும் கூட்டங்களோடுதான். பிரசங்கியார் மேடையில் பேசுவார், ஒலிநாடாவில் பதிவாகும், யாராவது கேட்டு எழுதுவார்கள், மூன்றாம் மாதம் புத்தகம். அட்டையில் எழுதியவரின் படம். உள்ளே மேடைப் பேச்சின் பழக்கங்கள் அப்படியே இருக்கும்: ஒரே கருத்து மூன்று முறை, அல்லேலூயா சொல்லச் சொல்லும் இடங்கள், ஆள் பெயர் ஊர் பெயர் இல்லாத சாட்சிகள். கேட்கும்போது சிலிர்த்தது வாசிக்கும்போது சப்பென்று இருக்கும். மேடையில் குரல் செய்த வேலையைக் காகிதத்தில் வாக்கியம் செய்ய வேண்டும். அதற்கு ஓர் எடிட்டர் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் ஊழிய நிறுவனங்கள் குறைவு.

விதிவிலக்குகள் உண்டு. நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவின் ‘அறைகூவல்’ போன்ற மிஷன் இதழ்களில் பணித்தளங்களிலிருந்து வரும் கடிதங்கள் எனக்கு எப்போதும் பிடித்தவை. தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போன ஓர் ஊழியர், மொழி தெரியாமல் சந்தையில் திண்டாடியதையும், பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு ரயிலேறியதையும், மழையில் ஆறு பெருகி மூன்று நாள் மாட்டிக்கொண்டதையும் எழுதுவார். நடை கொச்சையாக இருக்கும். ஆனால் ஊர் இருக்கும், நாள் இருக்கும், சாப்பாடு இருக்கும். சவரிராய பிள்ளையின் வாரிசுகள் அவர்கள்தான். அந்தக் கடிதங்களைத் திரட்டி நல்ல நூலாக்கினால் தமிழ் ஊழிய இலக்கியத்துக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

இனி, எழுதப்படாத பக்கம். சபைக்குள் சாதி. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம் சாதிக்கு ஒரு சிறகாக இரண்டாகப் பிரிந்திருந்ததையும், 1910இல் நடுச்சுவர் இடிக்கப்பட்டபோது நடந்ததையும் விரிவாகச் சொல்வது, அதே சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. துறவற மடத்துக்குள் போன ஒரு தலித் பெண், அங்கே ஏழைகளின் இயேசுவைத் தேடி, கிடைக்காமல் வெளியே வந்த கதை. தமிழில் அதைவிட நேர்மையான ஆன்மிகச் சுயசரிதை எனக்குத் தெரிந்து இல்லை. குமரிப் பனையேறிகளின் வீட்டுக்குள் வேதாகமம் எப்படிப் புழங்கியது என்று பார்க்க ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ இருக்கிறது. கடற்கரைக் கத்தோலிக்கரின் நம்பிக்கையும் சாவும் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’வில் இருக்கின்றன. இவை பக்தி நூல்கள் இல்லை என்று ஒதுக்குவார்கள். ஒரு கிறிஸ்தவரின் திங்கட்கிழமை எப்படி இருக்கிறது என்று சொல்லும் நூல் பக்தியைப் பற்றிய நூல் இல்லாமல் வேறென்ன?

கடன், குடி, வரதட்சணை, மனச்சோர்வு, படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகளின் சலிப்பு ஆகியவை ஜெபக் குறிப்புகளில் வாரந்தோறும் வருகின்றன. புத்தகங்களில் ‘சோதனைகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றை ஊர், பேர், தெருவோடு எழுதக்கூடிய போதகர்களும் கன்னியாஸ்திரீகளும் ஆசிரியைகளும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லிக் கேட்கத்தான் யாரும் இல்லை.

இந்த டிசம்பரில் தியான நூல் வாங்கப் போகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இந்தக் கட்டுரையில் பெயர் வந்தவற்றில் ஒன்றையாவது கடையில் கேளுங்கள். இல்லை என்பார், வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் அலமாரி மாறும். சபைக் கமிட்டியில் இருப்பவர்கள், பரிசளிப்பு விழாவுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கும் பணத்தில் பாதியைப் புத்தகத்துக்கு ஒதுக்கலாம்.

இன்னொரு வேண்டுகோள். பாட்டனார் போதகராகவோ உபதேசியாராகவோ இருந்த வீடுகளில், பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்கும்போது அதைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் பாளையங்கோட்டை, நாகர்கோவில், தரங்கம்பாடி, புதுவை மிஷன் அச்சுக்கூடங்களின் பெயர் இருந்தாலோ, கையெழுத்து நாட்குறிப்பாக இருந்தாலோ, சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, கீழ்ப்பாக்கம் குருகுல் இறையியல் கல்லூரியையோ, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியையோ விசாரியுங்கள். கத்தோலிக்க ஏடுகளுக்குச் செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகம் இருக்கிறது.